நஞ்சுக்கொடியை அளந்து குழந்தை எடையைச் சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரூம்ல ஜெல் தடவிட்டு படுத்திருக்கும்போது யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ரிப்போர்ட் கைக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு தடவை படிச்சதும்தான் சந்தேகம் எல்லாம் வரும், உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாங்க. "பிளாசென்டா 36 மி.மீ-ன்னு போட்டிருக்கு மேடம், குழந்தை வெயிட் கம்மியா பொறக்குமா?" நான் ஒரு சின்ன ஊர்ல கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பாக்குற டாக்டர், வாரத்துக்கு நாலஞ்சு பேராவது இதையே கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் டைப் பண்ணி கை வலிச்சுப் போச்சு. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன்.

நஞ்சுக்கொடின்னா தொப்புள்கொடி தானே?

இல்லைங்க. தொப்புள்கொடிங்கிறது கயிறு மாதிரி இருக்கும், உள்ள ரெண்டு தமனி ஒரு சிரை. அந்தக் கயிறு ஒரு பக்கம் பாப்பாவோட தொப்புள்ல ஒட்டியிருக்கும், இன்னொரு பக்கம் கர்ப்பப்பை சுவர்ல ஒட்டியிருக்கிற வட்டமான சதைத்தட்டுல போய் சேரும். அந்தத் தட்டுதான் நஞ்சுக்கொடி, ரிப்போர்ட்ல பிளாசென்டான்னு வரும். ஊர்ல பாட்டிங்க "நஞ்சு விழுந்துச்சா?"ன்னு கேப்பாங்களே, அது. பிரசவம் ஆனப்புறம் ட்ரேல வச்சுப் பாத்தா ஊத்தப்பம் அளவுக்கு இருக்கும்: சுமார் 22 செ.மீ அகலம், ரெண்டு ரெண்டரை செ.மீ கனம், அரைக் கிலோ எடை. நிறைமாசத்துல குழந்தை ஆறு பங்குன்னா நஞ்சுக்கொடி ஒரு பங்குன்னு ஒரு ரஃப் கணக்கு சொல்வாங்க. வயித்துக்குள்ள இருக்கும்போது ரத்தம் நிறைஞ்சு இருக்கிறதால ஸ்கேன்ல இதை விட தடியாத்தான் தெரியும், "வெளிய வந்தா ரெண்டரை செ.மீ-தானே, எனக்கு ஏன் 3.4"ன்னு பதறாதீங்க.

இதுக்கும் குழந்தை எடைக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைக்குப் போற ஆக்ஸிஜன், சர்க்கரை, புரோட்டீன், இரும்புச்சத்து எல்லாமே இது வழியாத்தான் போகணும், வேற வழியே கிடையாது. அம்மா எவ்வளவு நல்லா சாப்பிட்டாலும் இந்த வாசல் சின்னதா இருந்தா உள்ள போறது கம்மிதான்.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. ஏறக்குறைய 16 வாரம் வரைக்கும் பாப்பாவை விட நஞ்சுக்கொடிதான் கனம். சமையக்கட்டை முதல்ல முடிச்சாத்தானே பந்தி போட முடியும், அந்த மாதிரி முதல் பாதில உடம்பு நஞ்சுக்கொடியை வளக்குது, அம்மாவோட கர்ப்பப்பைல இருக்கிற சுருள் சுருளான குட்டி ரத்தக்குழாய்கள் எல்லாம் 20 வாரத்துக்குள்ள அகலமாகி, நிறைமாசத்துல நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் வர்ற அளவுக்கு ரெடியாகுது. குழந்தை எடை வேகமா ஏறுறது அதுக்கப்புறம்தான். 20 வாரத்துல 300 கிராமுக்கு கொஞ்சம் மேல இருக்கிற பாப்பா 28 வாரத்துல ஒரு கிலோவைத் தாண்டிடும், 32-க்கு மேல வாரத்துக்கு 200 கிராம் வரைக்கும் கூடும்.

ரிப்போர்ட்ல "குழந்தை எடை 2.6 கிலோ"ன்னு வருதே, அது நஞ்சுக்கொடியை வச்சு போட்ட கணக்கா?

இல்லவே இல்லை. அது பாப்பாவையே அளந்து வர்றது: தலையோட குறுக்களவு, தலைச்சுற்றளவு, வயித்துச்சுற்றளவு, தொடை எலும்பு நீளம். இந்த நாலையும் மெஷின் ஒரு ஃபார்முலால போடுது, பெரும்பாலும் அமெரிக்காவுல ஹாட்லாக்னு ஒரு டாக்டரும் அவரோட குழுவும் 1985-ல வெளியிட்டது. இதுல வயித்துச்சுற்றளவுக்குத்தான் வெயிட்டேஜ் ஜாஸ்தி, ஏன்னா குழந்தை சேத்து வைக்கிற சத்து ஈரல்லயும் வயித்துக் கொழுப்புலயும்தான் முதல்ல தெரியும்.

3.3 கிலோன்னு சொன்னாங்க, பொறந்தது 2.9 தான். மெஷின் கோளாறா?

கோளாறு இல்லை. அந்த ஃபார்முலா நல்லா அளந்தாலே 15 சதவீதம் மேல கீழ போகலாம். 2.8-ன்னு ரிப்போர்ட்ல இருந்தா 2.4-ல இருந்து 3.2 வரைக்கும் எது வேணும்னாலும் வரலாம்னு வச்சுக்கோங்க. எடை மெஷின்ல நிறுத்துப் பாக்குறதும் நிழலை அளந்து கணக்குப் போடுறதும் ஒண்ணாகுமா.

அப்போ பாப்பாவையே அளக்க முடியும்போது நஞ்சுக்கொடியை ஏன் அளக்கணும்?

இந்தக் கேள்வி கேக்குறவங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விஷயம் நேரத்துல இருக்கு. 18, 20 வாரத்துல எல்லா பாப்பாவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்தான், பின்னாடி 2.2 கிலோவுல பொறக்கப் போறதும் 3.5 கிலோவுல பொறக்கப் போறதும் அப்போ பக்கத்துல பக்கத்துல வச்சா கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனா நஞ்சுக்கொடி அப்பவே ஆளுக்கு ஆள் நல்லா வித்தியாசப்படும். சாப்பிட வர்ற கூட்டத்தை எண்ணுறதுக்கு முன்னாடி அடுப்பு எத்தனைன்னு எண்ணிப் பாக்குற மாதிரி. குழந்தை சின்னதா இருக்குன்னு 34 வாரத்துல தெரிஞ்சா பாக்கி இருக்கிறது ஆறு வாரம், 18 வாரத்துலயே சந்தேகம் வந்தா அடுத்தடுத்த ஸ்கேனை நெருக்கமா வைக்கலாம், பிபியை கவனமா பாக்கலாம். பிரயோஜனம் இவ்வளவுதான், இது சின்னதும் இல்லை. ஆனா "உங்க குழந்தை 2 கிலோ 740 கிராம்"னு நஞ்சுக்கொடியைப் பாத்து யாராவது சொன்னா நம்பாதீங்க.

தடிமன் எப்படி அளக்குறாங்க?

தொப்புள்கொடி வந்து சேர்ற இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க கர்ப்பப்பை சுவருக்கு நேர் செங்குத்தா ஒரு கோடு போடணும். பாப்பா பக்கம் இருக்கிற வெள்ளைக் கோட்டுல ஒரு புள்ளி, பின்பக்கம் நஞ்சுக்கொடி முடியற இடத்துல இன்னொரு புள்ளி. அந்தப் பின்பக்கத்துலதான் வம்பே. அங்க கருப்பா ஒரு பட்டை தெரியும், அது கர்ப்பப்பையோட தசையும் ரத்தக்குழாயும். அவசரத்துல அதையும் சேத்து அளந்துட்டா அஞ்சாறு மி.மீ சும்மாவே ஏறிடும். வயித்து மேல வச்சு நகத்துற புரோபை சாய்ச்சுப் பிடிச்சாலும் ஏறும். வெள்ளரிக்காயை நேரா வெட்டினா வட்டம், சாய்ச்சு வெட்டினா நீளவட்டம், அதே கதைதான்.

எத்தனை வாரத்துக்கு எத்தனை மி.மீ இருக்கணும்?

பழைய சுலபமான கணக்கு ஒண்ணு இருக்கு: எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை மி.மீ. 20 வாரம்னா 20, 32 வாரம்னா 32, முன்ன பின்ன பத்து மி.மீ வரைக்கும் போகலாம். மேல ஒருத்தங்க 36-ன்னு கேட்டாங்களே, அவங்களுக்கு அப்போ 34 வாரம். ஒண்ணுமே இல்லை, நார்மல்.

எனக்கு 24 வாரத்துல 45 மி.மீ-ன்னு போட்டிருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

முதல்ல இதைக் கேளுங்க. ஒரு பொண்ணுக்கு 22 வாரத்துல நான் அளந்தப்போ 42 வந்துச்சு, திருப்பித் திருப்பி அளந்தேன், 42 தான். அந்த வாரத்துல நாற்பதுக்கு மேல போனாலே தடிச்ச நஞ்சுக்கொடின்னு எழுதணும். எழுதறதுக்கு முன்னாடி அவங்களை வெளிய அனுப்பி பாத்ரூம் போயிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு அரை மணி நேரம் கழிச்சு வரச் சொன்னேன். வந்து படுத்ததும் அளந்தா 27. கர்ப்பப்பை அந்த இடத்துல லேசா சுருங்கியிருந்திருக்கு, அதனால நஞ்சுக்கொடி திரண்டு தடியா தெரிஞ்சிருக்கு. அம்மாவுக்கு அந்த சுருக்கம் தெரியக்கூட தெரியாது. அன்னைக்கு அப்படியே டைப் பண்ணி அனுப்பியிருந்தா அந்தக் குடும்பம் ஒரு வாரம் தூங்கியிருக்காது.

ரெண்டாவது தடவை பாத்தும் தடியாவே இருந்தா அப்போ காரணம் தேடணும். சர்க்கரை, ரத்தசோகை, அம்மாவுக்கு நெகட்டிவ் குரூப் பாப்பாவுக்கு பாசிட்டிவ் குரூப் மோதல், சில இன்ஃபெக்ஷன், நஞ்சுக்கொடிக்குப் பின்னாடி ரத்தம் கட்டியிருக்கிறது, எல்லாமே தடிமனா காட்டும். இன்னொண்ணு, அகலமே இல்லாம உருண்டையா தடியா மட்டும் இருந்தா அதை நாங்க நல்லதா எடுத்துக்க மாட்டோம். ஒட்டியிருக்கிற பரப்பு கம்மின்னு அர்த்தம்.

மெலிசா இருந்தா?

நல்லா பரந்து இருந்தா மெலிசா இருக்கிறதுல தப்பில்லை. அதே மாவை பெரிய தோசையா ஊத்தினா மெலிசாத்தானே வரும். பரப்பும் சின்னது, தடிமனும் கம்மின்னாத்தான் கவனிக்கணும். தடிமனை மட்டும் வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுன்னு சொல்றது இதனாலதான், ஆனா ரிப்போர்ட்ல வழக்கமா வர்றது அந்த ஒரே ஒரு நம்பர்தான், என்ன பண்றது.

அப்போ மொத்த கொள்ளளவையே அளக்கலாமே?

அளக்கலாம். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல ஹார்வி கிளைமன்னு நஞ்சுக்கொடி ஆராய்ச்சி பண்ற டாக்டர் இதுக்கு சாதா ஸ்கேன் மெஷின்லயே முடியற ஒரு வழி கண்டுபிடிச்சார், கணக்குல கைகொடுத்தது அவரோட அப்பா. 2010-ல வந்த கட்டுரை அது. யோசனை ரொம்ப எளிசு. கர்ப்பப்பை உருண்டையா இருக்கிறதால நஞ்சுக்கொடியும் கிண்ணம் மாதிரி வளைஞ்சு இருக்கும். வெளிக்கிண்ணத்தோட கொள்ளளவுல இருந்து உள்கிண்ணத்தோட கொள்ளளவைக் கழிச்சா மிச்சம் இருக்கிறது நஞ்சுக்கொடி. அதுக்கு மூணு அளவு போதும்: ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு அகலம், கிண்ணத்தோட உயரம், நடுவுல தடிமன்.

நானே ஒரு உதாரணம் போட்டுக் காட்டுறேன். அகலம் 12 செ.மீ, உயரம் 3.5, தடிமன் 2.2-ன்னு வச்சா சுமார் 225 சிசி வருது. இப்போ அகலத்தை மட்டும் 13-ன்னு தப்பா வச்சுட்டேன்னு வைங்க, 259 சிசி ஆயிடும். ஒரே ஒரு செ.மீ தள்ளி புள்ளி வச்சதுக்கு 15 சதவீதம் எகிறிடுது. ஓரம் எங்க முடியுதுன்னு சில பேருக்கு மங்கலாத்தான் தெரியும், பாப்பா கையைக் காலை நீட்டி மறைச்சுக்கிட்டு இருக்கும், குண்டான அம்மான்னா இன்னும் கஷ்டம். ஃபார்முலா மேல குறை சொல்ல முடியாது, கையும் கண்ணும்தான் தடுமாறுது.

3டி ஸ்கேன்ல எடுத்தா சரியா வருமா?

முதல் மூணு மாசத்துலயும் அதுக்குக் கொஞ்சம் பின்னாடியும் நல்லா வரும். மொத்த நஞ்சுக்கொடியையும் ஒரு பெட்டி மாதிரி பிடிச்சுக்கிட்டு, அதை ஒரு அச்சுல சுத்தி சுத்தி ஒவ்வொரு கோணத்துலயும் ஓரத்தை வரைவோம். 30 டிகிரிக்கு ஒரு தடவை சுத்தினா 6 படம், 15 டிகிரின்னா 12 படம், 6 டிகிரின்னா 30 படம். முப்பது படத்துக்கும் உக்காந்து கோடு வரைஞ்சு பாருங்க, வெளிய இருக்கிற கூட்டம் கதவைத் தட்ட ஆரம்பிச்சிடும். 20, 24 வாரம் தாண்டினா இன்னொரு தொல்லை, நஞ்சுக்கொடி அந்தப் பெட்டிக்குள்ள அடங்காது.

காசு வாங்கிட்டு குழந்தை முகம் காட்டுற 3டி வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இந்தியாவுல இதைப் பத்தி ஆராய்ச்சி நடந்திருக்கா?

நடந்திருக்கு, அதுவும் உலகமே எடுத்துப் பேசுற ஆராய்ச்சி. புனேவுக்குப் பக்கத்துல ஆறு கிராமங்கள்ல 1993-ல ஆரம்பிச்சாங்க, கேஇஎம் ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக் தலைமைல, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல இருந்து கரோலின் ஃபால் குழுவும் சேந்துக்கிட்டாங்க. கல்யாணமான பொண்ணுங்களை கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடியே எடை உயரம் எல்லாம் பாத்து எழுதி வச்சுக்கிட்டு, கர்ப்பமானதும் தொடர்ந்து பாத்தாங்க. அந்த அம்மாக்களோட சராசரி எடை 42 கிலோ. பிறந்த குழந்தைகளோட சராசரி எடை 2.7 கிலோவுக்கும் கொஞ்சம் கீழ.

அதுல கினாரேன்னு ஒரு ரேடியாலஜிஸ்ட் கர்ப்பத்தோட நடுவுல நஞ்சுக்கொடி கொள்ளளவை அளந்தார், 2000-ல கட்டுரை வந்துச்சு. ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. கர்ப்பத்துக்கு முன்னாடி எடை கம்மியா இருந்த அம்மாவுக்கு நஞ்சுக்கொடி சின்னதா இருந்துச்சு. நஞ்சுக்கொடி சின்னதா இருந்தவங்களுக்கு குழந்தை எடையும் கம்மியா இருந்துச்சு. இதைப் படிச்சப்போ எனக்குப் பட்டது என்னன்னா, நம்ம ஊர்ல பொண்ணுக்கு கவனிப்பு ஆரம்பிக்கிறதே "நாள் தள்ளிப் போயிருக்கு"ன்னு சொன்ன அப்புறம்தான், ஆனா நஞ்சுக்கொடி எவ்வளவு பெருசா வரும்ங்கிறது அதுக்கு முன்னாடி அவ தட்டுல என்ன விழுந்துச்சுங்கிறதுல ஓரளவு முடிஞ்சு போயிடுது.

ஜமைக்காவுலயும் இதே மாதிரி 14, 17, 20 வாரத்துல அளந்து பாத்திருக்காங்க, அங்கயும் கொள்ளளவுக்கும் பிறப்பு எடைக்கும் தொடர்பு இருக்குன்னுதான் வந்துச்சு.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எல்லாருக்கும் பண்ணல?

தொடர்பு இருக்கிறது வேற, உங்க ஒருத்தருக்கு சொல்றது வேற. நூறு பேரை வரிசையா நிக்க வச்சா நஞ்சுக்கொடி பெருசா இருக்கிற பக்கம் குழந்தை எடையும் கூடுதலா இருக்கும், சரி. ஆனா அந்த வரிசைலயே சின்ன நஞ்சுக்கொடியோட 3 கிலோ குழந்தையும் இருக்கும், பெரிய நஞ்சுக்கொடியோட 2.2-ம் இருக்கும். எத்தனையாவது மாசத்துல பொறக்குது, அம்மா உயரம், முதல் குழந்தையா ரெண்டாவதா, பிபி, சர்க்கரை, வீட்டுல யாராவது பீடி சிகரெட் பிடிக்கிறாங்களா, இப்படி எடையை இழுக்கிற கை நிறைய. அதனால தனியா இதை மட்டும் வச்சு யாரும் முடிவு எடுக்குறதில்லை, கர்ப்பப்பை தமனி டாப்ளர் (ரத்தம் எப்படி ஓடுதுன்னு காட்டுற ஸ்கேன்), பிபி, சில ரத்தப் பரிசோதனை இதுகளோட சேத்துத்தான் பாக்குறாங்க. நேரமும் ஒரு காரணம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் உக்காந்திருக்கிற இடத்துல ஆளுக்கு பத்து நிமிஷம் கூடுதலா எங்க போறது.

நஞ்சுக்கொடி பெருசா இருந்தா குழந்தையும் நல்லா கொழுகொழுன்னு இருக்கும்னு அர்த்தமா?

எப்பவும் இல்லை. சர்க்கரை இருக்கிற அம்மாவுக்கு நஞ்சுக்கொடியும் பெருசு குழந்தையும் பெருசு, அந்தப் பெருசு நல்லதுக்கு இல்லை. அதனாலதான் நம்ம தமிழ்நாட்டுல கர்ப்பிணிகளுக்கெல்லாம் 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்குறாங்க, 140-ஓ அதுக்கு மேலயோ வந்தா சர்க்கரைன்னு கணக்கு, சென்னை டாக்டர் சேஷய்யா இதுக்காக ரொம்ப வருஷம் பாடுபட்டவர். அந்தத் தண்ணி குமட்டும்தான், குடிச்சிடுங்க.

ரத்தசோகைல தலைகீழ். ஆக்ஸிஜன் பத்தலைன்னு நஞ்சுக்கொடி தன்னைப் பெருசாக்கிக்கும், குழந்தை அந்த அளவுக்கு வளராது. ஆக்ஸ்ஃபோர்டுல 1991-லயே இதைக் காட்டிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் டேவிட் பார்க்கர்னு ஒரு டாக்டர் இங்கிலாந்துல பிரெஸ்டன் ஊர்ல 1935-ல இருந்து 1943-க்குள்ள பொறந்தவங்களோட பழைய பிரசவ ரெஜிஸ்டரைத் தேடி எடுத்து, ஐம்பது வயசை நெருங்கின அந்த ஆளுங்களுக்கு பிபி பாத்தார். யாருக்கு பிபி ஜாஸ்தின்னா, குழந்தை சின்னதாவும் நஞ்சுக்கொடி பெருசாவும் இருந்தவங்களுக்கு. ஒரு நர்ஸ் அன்னைக்கு நஞ்சுக்கொடியை நிறுத்து நோட்டுல எழுதி வச்சது எங்க வந்து நிக்குது பாருங்க.

அதனால பெருசு சின்னதுன்னு பாக்குறதை விட குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் பொருத்தம் இருக்கான்னு பாக்குறதுதான் சரி.

கிரேடு 3-ன்னு போட்டிருக்கு. நஞ்சுக்கொடி கெட்டுப் போச்சா?

1979-ல கிரானம்னு ஒருத்தர் போட்ட வரிசை அது, 0-ல இருந்து 3 வரைக்கும். நஞ்சுக்கொடில சுண்ணாம்பு எவ்வளவு படிஞ்சிருக்குன்னு சொல்றது. 38 வாரத்துல கிரேடு 3 வந்தா தலை நரைச்ச மாதிரி, வயசுக்கு ஏத்தது. 32 வாரத்துக்கு முன்னாடியே வந்தா, கூட பிபியும் இருந்தா, குழந்தை வளர்ச்சியை நெருக்கமா பாக்கணும்.

நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தா பையன், பின்பக்கம் இருந்தா பொண்ணுன்னு அத்தை சொல்றாங்க.

அத்தைகிட்ட இல்லைன்னு சொல்லிடுங்க. எந்தப் பக்கம் ஒட்டுதுங்கிறதுக்கும் ஆணா பொண்ணாங்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை, எடைக்கும் சம்பந்தம் இல்லை. முன்பக்கம் இருந்தா பாப்பா அசையறது கொஞ்சம் லேட்டாத் தெரியும், பின்பக்கம் இருந்தா பாப்பா நிழல் விழுந்து எங்களுக்கு அளக்கறது கஷ்டம், அவ்வளவுதான். குழந்தை ஆணா பொண்ணான்னு சொல்றது 1994 சட்டப்படி குற்றம், எந்த சாக்குல கேட்டாலும் சொல்ல மாட்டோம்.

நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னாங்க, எடை குறையுமா?

கீழ இருக்கிறதுல பயம் ரத்தப்போக்குக்குத்தான், எடை அதுல ரெண்டாம் பட்சம். கர்ப்பப்பை வாய்ல இருந்து 2 செ.மீ-க்கு மேல விலகிடுச்சான்னு 32 வாரத்துக்கு மேல மறுபடி பாப்பாங்க, நிறைய பேருக்கு கர்ப்பப்பை வளர வளர மேல போயிடும்.

கொடி ஓரத்துல ஒட்டியிருக்குன்னு எழுதியிருக்காங்க.

இது கவனிக்க வேண்டிய வரிதான். தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோட நடுவுல இல்லாம ஓரத்துலயோ, அதையும் தாண்டி சவ்வுலயோ சேந்தா சில குழந்தைகளுக்கு வளர்ச்சி கம்மியாகலாம். எல்லாருக்கும் இல்லை. வளர்ச்சி ஸ்கேனை ஒண்ணு ரெண்டு கூடுதலா பண்ணச் சொல்வாங்க. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போடுற ரெட்டைக் குழந்தைகள்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா அங்க பங்கு சமமா விழாமப் போகலாம்.

என்ன சாப்பிட்டா நஞ்சுக்கொடி வளரும்?

அதை மட்டும் வளக்குற மருந்தோ பவுடரோ கிடையாது, டப்பால படம் போட்டு விக்கிறதை நம்பி காசைக் கரைக்காதீங்க. மேல சொன்ன புனே ஆராய்ச்சிலயே இன்னொண்ணும் பாத்தாங்க: எவ்வளவு சோறு சாப்பிட்டாங்கங்கிறதை விட கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட அம்மாக்களுக்குத்தான் குழந்தை எடை கூட இருந்துச்சு. முருங்கைக்கீரைக்கு என்ன விலை வந்துடப் போகுது, பாதி வீட்டுல கொல்லைலயே நிக்குது. ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்குற இரும்புச்சத்து மாத்திரையை மலம் கருப்பா போகுதுன்னு தூக்கிப் போடாம முழுசா சாப்பிடுங்க, டீ காபியோட சேத்து விழுங்காதீங்க.

இன்னொரு கூத்து நம்ம ஊர்ல. எட்டாவது மாசம் வந்ததும் "குழந்தை பெருசாயிட்டா ஆபரேஷன் பண்ணிடுவாங்க, சோத்தைக் குறைச்சுக்கோ"ன்னு பெரியவங்க சொல்றது. தயவுசெஞ்சு கேக்காதீங்க. குழந்தை எடை வேகமா ஏறுற நேரத்துல போய் அடுப்பை அணைக்கிறதா?

குழந்தை எடை கம்மின்னு ஸ்கேன்ல வந்துடுச்சு. அடுத்து என்ன பண்ணுவாங்க?

முதல்ல தேதி சரியான்னு பாக்கணும். கடைசி மாதவிடாய் தேதி ஞாபகம் இல்லாம ஒரு குத்துமதிப்பா சொல்லியிருந்தா மூணு வாரம் கூட தள்ளிப் போயிருக்கும், அப்போ குழந்தை சின்னது இல்லை, கணக்குதான் தப்பு. மூணாவது மாச ஸ்கேன் ரிப்போர்ட்டை பத்திரமா வைங்கன்னு கத்துறது இதுக்குத்தான்.

தேதி சரின்னா, அதே வாரத்துல இருக்கிற நூறு குழந்தைகள்ல கடைசி பத்துக்குள்ள வருதான்னு பாப்பாங்க, கடைசி மூணுன்னா இன்னும் சீரியஸ். தொப்புள்கொடி தமனில டாப்ளர் பாப்பாங்க. நஞ்சுக்கொடி நல்லா வேலை செஞ்சா இதயத்துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுலயும் ரத்தம் முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல நின்னு நின்னு போனாலோ திரும்பி ஓடினாலோ அட்மிட் பண்ணிடுவாங்க. உண்மையைச் சொன்னா, இந்தக் கட்டத்துல நஞ்சுக்கொடி எத்தனை மி.மீ-ங்கிறதை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, அது வேலை செய்யுதாங்கிறதுதான் கேள்வி. எடைக்கான அடுத்த ஸ்கேன் ரெண்டு வாரமாவது கழிச்சுத்தான். நாலு நாள்ல போய் வேற சென்டர்ல அளந்து "100 கிராம் குறைஞ்சிருச்சு"ன்னு அழாதீங்க, அது அளவுல வர்ற வித்தியாசம். பாப்பா அசையறது குறைஞ்ச மாதிரி இருந்தா மட்டும் எந்த ஸ்கேன் தேதிக்கும் காத்திருக்காம அன்னைக்கே, ராத்திரின்னாலும், ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

ஒரே சென்டர்லயே பாக்கணுமா?

முடிஞ்சா நல்லது. முடியலைன்னா பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க. போன்ல மங்கலான போட்டோ வேண்டாம், தாளே வேணும்.

பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடியை நிறுத்துச் சொல்லச் சொல்லலாமா?

கேக்கலாம், சில இடத்துல நிறுத்து எழுதுவாங்க. கொடியையும் சவ்வையும் வெட்டிட்டு நிறுத்தாங்களா, ரத்தக்கட்டியோட அப்படியே வச்சாங்களாங்கிறதைப் பொறுத்து எடை மாறும். பொதுவா முழுசா வந்துடுச்சான்னு புரட்டிப் பாத்துட்டு ஆஸ்பத்திரிக் கழிவு போடுற மஞ்சப் பையில போட்டுடுவாங்க. போன வருஷம் ஒரு பாட்டி, பேத்தி பிறந்த அன்னைக்கு, எங்க ஊர் வழக்கப்படி வீட்டுக்குப் பின்னாடி புதைக்கணும் குடுங்கன்னு லேபர் ரூம் வாசல்ல நின்னுட்டாங்க. எழுதி கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுத்தாங்க. பாட்டி வாங்கினதும் பையைக் கைல தூக்கி ஆட்டிப் பாத்துட்டு, "அரைக் கிலோ தேறும்"னாங்க. நர்ஸ் நோட்டுல 490-ன்னு எழுதியிருந்துச்சு.